ஷோகேஸில் நின்ற சிவப்புக் கார்

யமுனாவைப் பற்றி அவள் சொந்தக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம், “தங்கமான பொண்ணு. ஆனா அவ கையில சாமான் எதையும் குடுத்துராதீங்க, விளங்காது” என்பார்கள். கல்யாண வீட்டில் மைக் கரகரத்தால் யமுனா எங்கே நிற்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். யார் வீட்டிலாவது மிக்ஸி புகைந்தால், அன்றைக்கு அவள் அந்தத் தெருவிலேயே இல்லாவிட்டாலும், “போன வாரம் யமுனா வந்துட்டுப் போனாள்ல” என்று ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார். சொந்தக்காரர்கள் ஒரு பேரை வைத்துவிட்டால் லேசில் எடுக்க மாட்டார்கள். அதுவும் வாய்க்கு ருசியான பேராக அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த யமுனாவைத் தேடித்தான் இன்றைக்கு எங்கெங்கிருந்தோ பழைய ரிமோட் கார்கள் பார்சலில் வருகின்றன. எண்பதுகளில், தொண்ணூறுகளில் யாரோ ஒரு சித்தப்பா சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ கொண்டுவந்து, நாலு நாள் ஓடி, பரணில் போய்ப் படுத்துக்கொண்ட கார்கள். சக்கரம் ஒட்டிப்போய், ஏரியல் ஒடிந்து, பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்து வந்து சேரும். போகும்போது ஓடிக்கொண்டு போகும்.

அவளுக்கு வேலை திருச்சி புத்தூரில், ரெங்கராஜ் என்பவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் மாட்டுவாள். கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவளுக்குப் பொம்மைக் காரின் திருகாணி எல்லாம் பூசணிக்காய் மாதிரி. ஃபிரேம்களை முக்கி அழுக்கெடுக்கிற மின்சாரத் தொட்டி ஒன்று அங்கே உண்டு. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அதில் பல்சக்கரங்கள் குளித்துக்கொண்டிருக்கும். ரெங்கராஜ் ஒருமுறை எட்டிப் பார்த்து, “யமுனா, கஸ்டமர் கண்ணாடி கிரீஸ் வாசனை அடிக்குதும்மா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷன்.

பேட்டரி ஒழுகின தகட்டுக்கு எலுமிச்சம்பழச் சாறு, ஒடிந்த ஏரியலுக்குக் குடைக்கம்பி. வெள்ளை பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகியிருந்தால் பியூட்டி பார்லரில் தலைமுடி நிறத்தை வெளுக்கப் பூசுகிற கிரீமைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி மொட்டை மாடியில் வைத்துவிடுவாள். மிச்சத்தைத் திருச்சி வெயில் பார்த்துக்கொள்ளும். சித்திரை மாதம் ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, “நல்லா அடிக்கட்டும், இன்னும் ரெண்டு பாடி காயணும்” என்று சொல்லுகிற ஒரே ஜீவன் இவள்தான். கட்டியவன் சித்தார்த்தன் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவன், பொறுமைசாலி. சோப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே நாலு டயர் இருக்கும். சத்தம் போடாமல் டயரை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவான்.

எந்தக் கார், எந்த வருஷம் என்று கண்டுபிடிப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, தப்பில்லை. வாட்ஸாப்பில் யாராவது போட்டோ அனுப்பி, “இது என்ன மாடல்ங்க?” என்று கேட்டால் காரின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். “கவுத்துப் போட்டு ஒண்ணு எடுத்து அனுப்புங்க” என்பாள். மேலே எவன் வேண்டுமானாலும் ஸ்டிக்கர் ஒட்டலாம், பெயின்ட் அடிக்கலாம். அடிப்பக்கம் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. திருகாணி எங்கெங்கே இருக்கிறது, அச்சில் என்ன எழுத்து விழுந்திருக்கிறது என்று பார்த்து, சாப்பிட்டுக்கொண்டே பதில் அனுப்பிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சரிசெய்த கார்களைப் பையில் போட்டுக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் முக்கொம்புக்குப் போவார்கள். பூங்காவின் சிமென்ட் பாதையில் ஒரு பழைய ஜீப்பை விட்டால் போதும், சுண்டல் விற்கிறவரிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி வரைக்கும் கூட்டம் கூடிவிடும். “அக்கா, ஒரு தரம் குடுங்கக்கா” என்று மீசை வைத்த ஆம்பளைகள் கை நீட்டுவார்கள். அப்போது யமுனாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அத்தனை சந்தோஷம்.

ஆனால் ஒரே ஒரு கார் மட்டும் அவள் கைக்கு வந்ததே இல்லை. அது அவள் பிறந்த வீட்டுக் கார். அந்தப் பேர் வந்ததும் அந்தக் காரால்தான்.

அப்பா ரத்தினவேல் பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். குடித்தனம் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில். எண்பதுகளின் கடைசியில் மஸ்கட்டுக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு வரும்போது சிவப்பு ரிமோட் கார் ஒன்று கொண்டுவந்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. காருக்குப் பேட்டரி மட்டும் வீட்டில் இல்லை. நாளைக்கு வாங்கிக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ஏழு வயதுப் பிள்ளைக்கு நாளை வரைக்கும் பொறுக்குமா? மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் யமுனா காரை எடுத்துக்கொண்டு வாசற்படியில் வைத்து உருட்டினாள். அது குட்டிக்கரணம் போட்டு மண்ணில் போய் விழுந்தது. ஒரு கீறல் இல்லை. பாவாடையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். ஆனால் அண்ணன் வளவன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். உடனே சொல்லவில்லை, சமயம் வரட்டும் என்று வைத்துக்கொண்டான்.

சமயம் மறுநாளே வந்தது. அப்பா பேட்டரி போட்டு, குழந்தைகளைச் சுற்றி நிற்கவைத்து, ரிமோட்டை அமுக்கினார். கார் அசையவில்லை. திரும்ப அமுக்கினார். கல்லு மாதிரி நின்றது. “நேத்து யமுனா கீழ போட்டாப்பா” என்றான் வளவன். அப்பா அதை ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அந்த மகானுபாவன் திறந்துகூடப் பார்க்காமல் காதோரம் வைத்துக் குலுக்கி, “கீழ விழுந்திருக்குங்க, உள்ள போயிருச்சு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

அப்பா அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். சிரித்துக்கொண்டே, “நம்ம யமுனா கை பட்டா இரும்புகூட விளங்காது போல” என்றார். பேட்டரிகளைக் கழற்றி டார்ச் லைட்டுக்குப் போட்டுக்கொண்டார். காரையும் ரிமோட்டையும் ஷோகேஸில் வைத்துக் கதவைச் சாத்தினார். அவர் சொன்னதை அன்றைக்கு வந்திருந்த அத்தை கேட்டு லால்குடிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து அது பரவிய வேகத்துக்கு ரயில்கூட ஓடாது.

அப்பா ஓய்வு பெற்றார். அதே தொழிற்சாலையில் வளவனுக்கு வேலை கிடைத்தது, அதே கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸும். அப்பா அவனோடு இருந்தார், ஷோகேஸ் அப்பாவோடு இருந்தது. ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் காரை வெளியே எடுத்துத் துடைத்து, ஃபிட்டர் பழக்கம், சக்கரங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்ப உள்ளே வைப்பார். ஒவ்வொரு வருஷமும் யமுனா கேட்பாள், ஒவ்வொரு வருஷமும் அவர் அதையேதான் சொல்வார்.

“ஊர்ல எவன் வீட்டுக் காரை வேணா பிரிம்மா. இதை விட்டுரு.”

“ஏம்ப்பா, நான் இப்ப இதைத்தானே பண்றேன்?”

“இப்ப முழுசாவாவது நிக்குதுல்ல.”

அவர் கிண்டலாகத்தான் சொல்வார். அவளும் சிரித்துவிடுவாள். ஆனால் திரும்பிப் புத்தூருக்கு வருகிற வழியெல்லாம் மனசு ஆறாது. தன் கையால் அந்தக் காரைத் திறக்க வேண்டும், அன்றைக்குத் தான் எதை உடைத்தோம் என்று பார்க்க வேண்டும், அதைச் சரிசெய்து அப்பா கண்ணுக்கு முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பத்து நாலு வயதில் அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். நகையும் கேட்கவில்லை, நிலமும் கேட்கவில்லை.

இந்த வருஷம் ஆவணி வாக்கில் கடைக்கு வெள்ளையம்மாள் என்று ஒரு அம்மாள் வந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து படிக்கிற கண்ணாடி மாற்ற வந்தவள். பின்னறைக் கதவு திறந்திருந்தது, அலமாரியில் கார்கள் வரிசையாக நின்றன.

“இதெல்லாம் விக்கிறதாம்மா?”

“இல்லைங்கம்மா, ரிப்பேருக்கு வந்தது.”

“எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. நீலக் கலரு. கவர் பிரிக்கவே இல்ல.”

யமுனாவின் கையிலிருந்த லென்ஸ் நழுவப் பார்த்தது. பழைய கார்களோடு பழகுகிறவர்களுக்குக் கவர் பிரிக்காத கார் என்று காதில் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. “ஏம்மா பிரிக்கல?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“வூட்டுக்காரரு வெளிநாட்ல இருந்து கொண்டாந்தாரு. பையன் அழுதான். அன்னைக்கே கவர்ல போட்டு முடிஞ்சு வச்சுட்டு, பத்தாவது பாஸ் பண்ணு, தரேன்னேன். பாஸ் பண்ணிட்டான். சரி, பன்னண்டாவதுன்னேன். அப்பறம் காலேஜுன்னேன்.” வெள்ளையம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “இப்ப அவன் கோயமுத்தூர்ல நெசக் காரே வச்சிருக்கான். நெனைச்சா எனக்கே பாவமா இருக்கு. ஒரு தடவை அது ஓடிப் பாத்துட்டேன்னா மனசு ஆறிரும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யமுனா காவிரிப் பாலத்தைத் தாண்டி, மேலூர் ரோட்டில் அந்த வீட்டுக்குப் போனாள். வெள்ளையம்மாளின் வீட்டுக்காரர் அடைக்கலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் வலி, வாயில் ஒரு குறையும் இல்லை. வந்தவள் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு.

“கைலாசபுரம் ரத்தினவேலு பொண்ணுங்க. ஃபிட்டரா இருந்தாங்க.”

“மஸ்கட் ரத்தினவேலா? அடப் பாவி மனுஷா. ஏ வெள்ளையம்மா, காப்பி போடு, நம்ம ரத்தினவேலு பொண்ணு.” அவருக்கு நாற்காலியே போதவில்லை. “என்னை மாமான்னு கூப்புடு. இந்தக் காரே நானும் உங்கப்பனும் ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்கினதும்மா. அவன் செவப்பு, நான் நீலம். புள்ளைங்க பக்கத்துல பக்கத்துல வச்சு ரேஸ் விடணும், அதுக்குத் தோதாக் குடுன்னு கடைக்காரன்கிட்ட சொல்லி வாங்கினோம். அட்டைப்பெட்டியோட எங்க பொட்டிக்குள்ள நொழையல. அட்டைய அங்கேயே வீசிட்டு, கார் ரெண்டையும் என் பொட்டில, ரிமோட் ரெண்டையும் அவன் பொட்டில, கைலிக்குள்ள சுத்திக் கொண்டாந்தோம். ஏர்போர்ட்டுக்கு வெளிய வந்து, இந்தா உனக்கொண்ணு எனக்கொண்ணுன்னு பிரிச்சுக்கிட்டோம். அதோட ஃபேக்டரிக்குள்ள அவன் வேற ஷாப்பு, நான் வேற ஷாப்பு. கல்யாணங் காட்சியில பாத்தா உண்டு.”

யமுனா தலையாட்டிக்கொண்டே இருந்தாளே தவிர, கண் முழுக்க மேஜை மேலிருந்த பாலிதீன் கவரில்தான் இருந்தது.

“உங்கப்பன் கார் ஓடுதா இன்னும்?”

“இல்ல மாமா. நான் சின்னப் புள்ளையில கீழ போட்டு உடைச்சுட்டேன்.” எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிவிட்ட பதில் அது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கவரின் முடிச்சு அவிழவில்லை. வெள்ளையம்மாள் கத்தரிக்கோல் கொண்டுவந்து, ஒரு நிமிஷம் தயங்கி, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். உள்ளே புதுச் செருப்புக் கடை வாசனை. கடையிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி நீலம் பளபளத்தது. வீட்டு ஷோகேஸில் நிற்கிற காரின் கூடப்பிறந்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. யமுனா கொண்டுபோன புதுப் பேட்டரிகளைப் போட்டு, காரைத் தரையில் வைத்து, ரிமோட்டை அமுக்கினாள்.

கார் அசையவில்லை.

பேட்டரிகளைக் கழற்றி மாற்றிப் போட்டாள். தகடுகளைத் துடைத்தாள். திரும்பவும் அமுக்கினாள். ஒரு முனகல்கூட இல்லை. வெள்ளையம்மாள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வெகுளியாகத்தான் சொன்னாள். “பிரிக்காம இருந்த வரைக்கும் நல்லாத்தானேம்மா இருந்துச்சு.”

கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். காரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அழுகை வந்துவிட்டது. கீழே விழாத கார், யாரும் தொடாத கார், அது இவள் கையில் வந்ததும் நின்றுபோகிறது. சொந்தக்காரர்கள் சொல்வது நிஜம்தானோ என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு ராத்திரி சித்தார்த்தன் தோசை வார்த்துக் கொடுத்தும் அவள் ஒன்றுக்கு மேல் தொடவில்லை.

மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் நீலக் காரைப் பிரித்தாள். மோட்டாருக்கு நேராகப் பேட்டரி கொடுத்துப் பார்த்தாள், கிர்ரென்று சுற்றியது. உள்ளே ஒரு ஒயர் விடவில்லை, ஒரு ஈயப் பற்று கழலவில்லை. அப்படியென்றால் ரிமோட்தான் செத்திருக்க வேண்டும் என்று நினைத்து அதைக் கையில் எடுத்து அமுக்கினாள். எதிர் அலமாரியில், சோதனைக்காகப் பேட்டரி போட்டு நிறுத்தியிருந்த அதே கம்பெனி ஜீப் ஒன்று சடக்கென்று கிளம்பி, ஃபிரேம் டப்பாவை இடித்துக்கொண்டு கீழே குதித்தது.

யமுனா ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஜீப்புக்கு அடியில் ஒரு மஞ்சள் பொட்டு உண்டு. இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் விளையாடும்போது ஒருத்தன் ரிமோட் இன்னொருத்தன் காரை ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் கம்பெனிக்காரன் கார்களை இரண்டு அலைவரிசையில் செய்தான். ஒன்றுக்குப் பச்சைப் பொட்டு, இன்னொன்றுக்கு மஞ்சள் பொட்டு, காரின் அடியிலும் ரிமோட்டின் முதுகிலும் ஒட்டியிருக்கும். இது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பினாள். மஞ்சள். நீலக் காரைக் கவிழ்த்தாள். பச்சை. அலமாரியிலிருந்து பச்சைப் பொட்டு வைத்த வேறொரு ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். நீலக் கார் மேஜை மேலேயே நாலு சக்கரத்தையும் சுற்றிக்கொண்டு பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது.

ஊரான் வீட்டுக் காரையெல்லாம் கவிழ்த்துப் பார்க்கிறவள் நேற்றைக்கு இதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. காரும் ரிமோட்டும் ஒரே கவருக்குள் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. தாலி கட்டிப் பிள்ளை பெற்ற ஜோடியிடம் போய் யாராவது ஜாதகம் கேட்பார்களா? அவளும் கேட்கவில்லை. அடைக்கலம் மாமா சொன்னது அப்போதுதான் காதில் திரும்ப விழுந்தது. கார் ரெண்டும் ஒரு பெட்டியில், ரிமோட் ரெண்டும் ஒரு பெட்டியில், இந்தா உனக்கொண்ணு எனக்கொண்ணு. கார்களுக்கு நிறம் உண்டு, பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ரிமோட் இரண்டும் கறுப்பு.

“முதலாளி, நான் கொஞ்சம் கைலாசபுரம் போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரெங்கராஜ் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோனார்.

சாயங்காலம், அப்பா ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வளவன் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து கைலி மாற்றியிருந்தான். தங்கை மூச்சு வாங்க வந்து நின்றதைப் பார்த்து, “என்ன, எதை உடைச்சுட்டு வர்றே?” என்றான் வழக்கம்போல.

“அப்பா, ஷோகேஸைத் திறங்க. நம்ம காரைப் பாக்கணும்.”

“திரும்ப ஆரம்பிச்சுட்டியா? அதுல நீ கை வைக்காதம்மா.”

“வைக்கல. தொடவே மாட்டேன், இந்த வாசப்படியிலயே நிக்கிறேன். நீங்களே எடுங்க. அடியில ஒரு வட்டப் பொட்டு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

அவள் குரலில் என்னமோ இருந்தது. அப்பா எழுந்து சாவியைத் தேடி, காரை எடுத்துக் கவிழ்த்தார். வாசிக்கிற கண்ணாடியிலும் சரியாகத் தெரியவில்லை. வளவன் குனிந்து பார்த்து, நகத்தால் பழைய சந்தனத்தைச் சுரண்டி, “இருக்கு. மஞ்சள்” என்றான்.

“ரிமோட் முதுகுல?”

“பச்சை.”

யமுனா பையிலிருந்து நீலக் காரை எடுத்துத் தரையில் வைத்தாள். அதோடு வந்த ரிமோட்டை எடுத்து அதன் முதுகை அவர்களுக்குக் காட்டினாள். ஸ்ரீரங்கம் அடைக்கலம் மாமா வீட்டுக் கார் என்றாள். வாங்கின நாளிலிருந்து கவர் பிரிக்காமல் இருந்தது, அதுவும் ஓடவில்லை என்றாள். பொட்டுகள் எதற்கு என்று சொன்னாள். முழுக்கச் சொல்லி முடிக்கும் முன்னாலேயே அப்பாவின் முகம் மாறிவிட்டது. காலம் பூராவும் எந்த நட்டுக்கு எந்த போல்ட்டு என்று பார்த்துப் பார்த்து மாட்டினவர். கையிலிருந்த சிவப்புக் காரை ஈஸிசேரில் வைத்துவிட்டு நின்றார்.

“பேட்டரி இருக்கா?” என்று கேட்டார்.

இவள் நீட்டினாள். அவரே போட்டார். காரைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். யமுனா வாசற்படியில் நின்றபடியே மஞ்சள் பொட்டு ரிமோட்டை அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஓடிப்போய்க் காரைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது யமுனாவுக்கு. ஆனாலும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவள் படியை விட்டு நகரவில்லை. “அப்பா, தகடு கறுத்திருக்கும். ரப்பர் வச்சு நல்லா அழிச்சு விடுங்க” என்றாள். வளவன் உள்ளே ஓடி, மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்துவந்தான். அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தகடாகத் தேய்த்தார். மூடியைப் போட்டு, காரை நிமிர்த்தி வைத்தார்.

அமுக்கினாள். சிவப்புக் கார் ஒரு உலுக்கு உலுக்கியது. அப்புறம் ஒரு முனகல். அப்புறம், அத்தனை வருஷத்து நிற்றலுக்கும் சேர்த்து வைத்தாற்போல விர்ரென்று பின்பக்கமாகவே பாய்ந்து, கட்டில் காலில் முட்டி, திரும்பி, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது.

“ஓடுதுடா” என்றார் அப்பா. யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வளவனுக்கு ஐம்பதை எட்டப்போகிற வயது, மண்டையில் பாதி முடி இல்லை. ஓடிவந்து தங்கையிடம் கை நீட்டி, “குடு, குடு, ஒரு தரம்” என்று கெஞ்சினான். அவள் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, ஷோகேஸிலிருந்த பச்சைப் பொட்டு ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். அதன் தகட்டையும் ரப்பரால் தேய்த்துப் பேட்டரி போட்டாள். நீலக் காரும் கிளம்பியது. கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின, மஸ்கட் கடைக்காரன் எந்தத் தோதில் கொடுத்தானோ அதே தோதில். ஒன்றை அமுக்கினால் ஒன்றுதான் ஓடியது, இன்னொன்று தன்பாட்டுக்கு இருந்தது. வளவன் மூன்று தடவை தோற்றான். மூன்று தடவையும் அவள் அழுகுணி ஆட்டம் ஆடியதாகச் சொன்னான்.

“நான் அன்னைக்குப் போட்டுக் குடுத்திருக்கக் கூடாது” என்றான் நடுவில், காரைத் திருப்பிக்கொண்டே.

“நீ பாத்ததைத்தானே சொன்னே” என்றாள் யமுனா. அவளுக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. இத்தனை வருஷம் மனசுக்குள் திறந்து திறந்து பார்த்த அந்தக் காருக்குள் உடைந்தது ஒன்றுமே இல்லை என்கிற எண்ணம் இன்னும் முழுசாக உள்ளே இறங்கவில்லை.

அப்பா எங்கே என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவர் ஈஸிசேரில் இல்லை. வாசலுக்குப் போய் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். காது சரியாகக் கேட்காததால் தெருவுக்கே கேட்கிற குரல்.

“மயிலம்மா, நான் அண்ணன் பேசுறேன். ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லா இருக்கோம். அந்த மஸ்கட் காரு இருக்குல்ல, அதை யமுனா உடைக்கலம்மா. ஆமா, காருதான். அது அன்னைக்கு இருந்தே ஓடாது, நாந்தான் ரிமோட்டை மாத்திக் கொண்டாந்துட்டேன். இப்ப என்ன அவசரமா? இருக்கட்டும், நீ கேட்டுக்க.”

லால்குடி அத்தைக்குச் சொல்லி முடித்துவிட்டு, துவாக்குடியில் இருக்கிற தம்பியைக் கூப்பிட்டார். அவர் பேரன் காதுகுத்துக்கு மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தாராம், ஒன்றும் புரியவில்லை. முதலிலிருந்து திரும்பச் சொன்னார். அப்புறம் சித்தார்த்தனைக் கூப்பிட்டு, “மாப்ளே, உங்ககிட்ட கல்யாணத்தன்னைக்கே ஒண்ணு விளையாட்டாச் சொன்னேன், ஞாபகம் இருக்கா? அது தப்புங்க” என்றார். அப்புறம் அடைக்கலம். அங்கே கொஞ்ச நேரம் இரண்டு கிழவர்களும் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டார்கள். வெள்ளையம்மாளைப் போனில் வரச்சொல்லி, “கார் நல்லா ஓடுதும்மா, என் பொண்ணு ஓட்டிக் காமிச்சுட்டா, நாளைக்குக் கொண்டாருவா” என்றார்.

யமுனா அவர் பக்கத்தில் போய் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போதும்ப்பா, விடுங்க. எல்லாரும் என்ன நெனைப்பாங்க?” என்றாள்.

“போதாதும்மா. எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?” என்றார் ரத்தினவேல். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனில் அடுத்த நம்பரைத் தேட ஆரம்பித்தார்.